பரீட்சை முடியும்வரை வெளியே

புனேயில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சில வருடங்களுக்கு முன் அதோடு இன்னொன்றையும் என் தலையில் கட்டினார்கள். பரீட்சை என்றாலே கைகால் உதறுகிற பிள்ளைகளுக்கு உதவ ஒரு குழு வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. மனநலம் படித்தவர் யாரையும் வேலைக்கு எடுக்கிற எண்ணம் அவர்களுக்கு இல்லை. துறைக் கூட்டத்தில் எல்லோரும் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அதுதான் என் தகுதி. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

வானவடியில் எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் கணவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒன்னப் பாத்துதான பிள்ளைக பயப்படுது? ஒன்னையே மருந்துங்காங்களா?" என்றார். புனேக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகியும் திருநெல்வேலிக் குசும்பு போகவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆனால் வேலையில் இறங்கிய பிறகு எனக்கு இந்தப் பயத்தின் மேல் ஒரு தீராத ஆர்வம் வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் அது ஒவ்வொரு இடத்தில் குடியிருக்கிறது. ஒருத்திக்கு வயிற்றில். ஒருவனுக்கு உள்ளங்கையில், பேனா வழுக்கி விழும். இன்னொருவனுக்கு வினாத்தாளைக் கையில் வாங்கினதும் சிரிப்பு வரும், நிற்காது. நான் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றே ஒன்று. சனிக்கிழமைகளில் உண்மையான பரீட்சை ஹாலைத் திறந்து, உண்மையான மணியடித்து, அதே மாதிரி விடைத்தாள் கொடுத்து, பொய்ப் பரீட்சை வைப்பேன். கண்காணிப்பாளராக நானே முறைத்துக்கொண்டு நடப்பேன். அதற்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்றால் பயமும் ஒருநாள் புளித்துத்தானே ஆக வேண்டும்? பெரும்பாலானவர்களுக்குப் புளித்தது.

ஒரு பெண்ணுக்கு மட்டும் புளிக்கவில்லை.

அவள் தமிழ்ப் பெண். கோயம்புத்தூர்க் குடும்பம். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது இங்கே வந்துவிட்டதால் அவளுடைய தமிழ், இந்தியில் ஒரு காலும் கொங்குநாட்டில் ஒரு காலுமாக நிற்கும். வீடு வாகட்டில். அப்பாவுக்கு ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை. இவள் இரண்டாம் வருடக் கணக்குத் தாளில் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றுப்போயிருந்தாள்.

கணக்கு வராத பெண் இல்லை. அதுதான் என்னை அரித்தது. கான்டீனில் நாலு பேரை உட்கார வைத்து அவள் லாப்லாஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததை நான் தூணுக்கு இந்தப்புறம் நின்று முழுதாகக் கேட்டிருக்கிறேன். நான் ஒரு மணி நேரம் இழுக்கிற இடத்தை அவள் ஒரு டிஷ்யூ பேப்பரில் முடித்துவிட்டாள். கல்லூரிக்குள் நடக்கிற பரீட்சைகளில் நல்ல மார்க். என் சனிக்கிழமைப் பரீட்சைகளில் அதைவிட நல்ல மார்க். பல்கலைக்கழகப் பரீட்சையில் மட்டும், மற்ற தாள்களில் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டு, கணக்கில் இரண்டு பக்கம் மணிமணியாக எழுதுவாள். அப்புறம் வெள்ளைத் தாள்.

குளிர்காலப் பரீட்சைக்கு அவளை நான் பதமாகத் தயார் செய்து அனுப்பினேன். மறுபடியும் போனாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. விடை வர வேண்டிய கணக்கு விடை தராமல் நிற்கிற கோபம். இனி அவளுக்குக் கோடைப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. அதிலும் போனால் கடைசி வருடத்துக்குள் நுழைய முடியாது. கூடப் படித்தவர்கள் முன்னால் போக, ஒரு தாளுக்காக ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். இங்கே பிள்ளைகள் அதை 'இயர் டவுன்' என்பார்கள், ஏதோ சாவுச்செய்தி போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"என்ன ஆகுது உனக்கு அங்க?" என்று கேட்டேன்.

"தெரியல மேம். ரெண்டு கணக்கு போடுவேன். அப்புறம் நம்பர் நம்பராவே தெரியும். மத்லப், அதாவது, அதுக்கு அர்த்தமே இருக்காது."

சரி, கணக்கில் செய்வதையே செய்வோம் என்று நினைத்தேன். எது மாறுகிறது, எது மாறவில்லை? ஹால் அதேதான். மணி அதேதான். வினாத்தாளை நான் பழைய தாள்களிலிருந்துதான் எடுக்கிறேன். கண்காணிப்பவர் வேறு ஆள் என்று பார்த்தால், என்னைவிடக் கடுமையானவர் யாரும் இந்தக் கட்டடத்தில் கிடையாது. முன்பெஞ்சு, பின்பெஞ்சு, மின்விசிறிக்குக் கீழே, சுவர் ஓரம் என்று இடம் மாற்றி மாற்றி உட்கார வைத்தேன். எல்லாவற்றிலும் எழுதினாள். எனக்கு எழுதுகிறாள், பல்கலைக்கழகத்துக்கு எழுத மாட்டேன் என்கிறாள்.

கடைசியில் ஒருநாள், "பரீட்சையன்னைக்கு காலைல எந்திரிச்சதுலருந்து சொல்லு, ஒண்ணு விடாம" என்றேன்.

அவள் சொன்னாள். குளியல். அம்மா ஒரு ஸ்பூன் தயிரில் சர்க்கரை போட்டு வாயில் ஊட்டுவார். இது பக்கத்து வீட்டு மராட்டிக்காரர்களிடமிருந்து பிடித்துக்கொண்ட வழக்கம். திருநீறு. அப்புறம் அப்பாவின் ஸ்கூட்டர். "அப்பா கூட்டிட்டு வருவாரு. முடியிற வரைக்கும் வெளிய இருப்பாரு. அப்புறம் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்."

"முடியிற வரைக்கும்னா? மூணு மணி நேரமுமா?"

"ஆமா மேம். டென்த்லருந்தே."

"எங்க இருப்பார்?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். பரீட்சை ஹால் இரண்டாவது மாடியில். கீழே கல்லூரி கேட், அதற்கு எதிரே இங்கே டப்ரி என்று சொல்லும் பெட்டிக்கடை டீக்கடை, அதன் முன்னால் ஒரு மரப்பெஞ்சு. நம் ஊர்ப் பக்கம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் கூட்டம் நிற்கும். பொறியியல் கல்லூரி வாசலில், அதுவும் புனேயில், யார் நிற்கிறார்கள்? இங்கே பிள்ளைகள் தனியாக வண்டியில் வந்து தனியாகப் போய்விடுவார்கள். இவர் மட்டும் பத்தாம் வகுப்பில் பிடித்த பழக்கத்தை விடவில்லை. கல்லூரிக்குள் நடக்கிற சின்னப் பரீட்சைகளுக்கு அவர் வருவதில்லை. பல்கலைக்கழகப் பரீட்சை என்றால் லீவு போட்டுவிடுவார்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு பிள்ளையின் ஒரு வருடம் தொங்கிக்கொண்டிருக்கிறது, எனக்கோ விடை கிடைத்த குதூகலம். உடனே சோதித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அடுத்த சனிக்கிழமைப் பரீட்சை முக்கியமானது என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னேன். காரணம் கேட்காமல் வந்துவிட்டார் மனிதர். நான் ஹாலின் கேட் பக்கத்து ஜன்னல்களில் பழைய செய்தித்தாளை ஒட்டி வைத்தேன். பார்க்காவிட்டால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு.

இரண்டு பக்கம் எழுதினாள். பேனா நின்றுவிட்டது.

"பாக்கவே இல்லியேம்மா நீ!"

"பாக்கல மேம். ஆனா இருக்காருன்னு தெரியுமே."

அதற்கடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. எல்லாக் கணக்கையும் போட்டுவிட்டு, நேரம் மிச்சம் வைத்து, பெஞ்சில் பூப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாரா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். திட்டுவாரா? இல்லை. போன தடவை ரிசல்ட் வந்தபோது என்ன சொன்னார்? "ஒண்ணும் சொல்லல. வா, மசால்தோசை சாப்பிடப் போலாம்னாரு." அப்புறம் எதற்குப் பயம்? எனக்காகப் பொய்யாக ஒரு காரணம் சொல்லிவிடாமல், உண்மையாகத் தேடிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "தெரியல மேம்." வராதீர்கள் என்று ஒரு தடவை சொல்லிப் பாரேன் என்றேன். "எப்டி மேம் சொல்றது? அவரு ஒண்ணுமே பண்ணலியே."

அது எனக்கு விளங்கவே இல்லை. கண்டிப்பான அப்பாவைக் கண்டு நடுங்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. தோசை வாங்கிக்கொடுக்கும் அப்பாவைக் கண்டு ஒரு பெண்ணுக்கு எண்கள் அழிந்துபோகுமா? ஆள் எப்படிப்பட்டவர் என்று நேரில் பார்த்துவிடத் தீர்மானித்தேன்.

அவர் மாலையில் அலுவலகம் முடித்து என் அறைக்கு வந்தார். ஹிஞ்சேவாடிப் போக்குவரத்தில் வறுபட்ட முகம். தோளில் லேப்டாப் பை. உட்காரச் சொன்னபோதும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். நான் சுற்றி வளைக்கத் தெரியாதவள். நடந்ததையெல்லாம் சொல்லி, கோடைப் பரீட்சைக்கு நீங்கள் வர வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க மேடம், நான் என்னங்க பண்றேன்? செவனேன்னு பெஞ்சுல உக்காந்திருக்கறனுங்க. ஒரு வார்த்தை கேக்கறதில்லீங்க."

"கேக்கறதில்லதான்."

"பொண்ணு உள்ள கஷ்டப்பட்டுட்டு இருக்கறப்ப நான் ஆபீஸ்ல உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்க முடியுங்களா? அவளுக்கு ஒரு தைரியம் வேணுமில்லீங்க."

குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் மனிதர் புண்பட்டுப்போனார் என்று தெரிந்தது. எனக்குப் பொறுமை போதாது. சொல்லி விளங்காததைச் செய்துதான் காட்ட வேண்டும் என்று வகுப்பில் பழகிய வாய், யோசிக்கும் முன் சொல்லிவிட்டது: "அப்ப நீங்க ஒரு தடவ எழுதிப் பாருங்க. உங்க பொண்ணு வெளிய உக்காந்திருக்கட்டும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்திருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். நான் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் சட்டையை உள்ளே விட்டு, தலை வாரி, பரீட்சைக்கு வருகிற பையன் போலவே வந்தார். மகள் உட்காரும் ஜன்னலோர பெஞ்சு. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் ஒன்று கொடுத்தேன். "இதெல்லாம் இவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததுங்க" என்றார். மகள் கீழே போய் டீக்கடை பெஞ்சில் அவருடைய இடத்தில் உட்கார்ந்தாள். மணி அடித்தேன். நடக்க ஆரம்பித்தேன்.

முதல் கணக்கைக் கடகடவென்று போட்டார். இரண்டாவதையும் போட்டார். அப்புறம் தலை நிமிர்ந்தது. கீழே பெஞ்சில் யாரோ இரண்டு பையன்கள் வந்து உட்கார, அவள் எழுந்து ஓரமாக நின்றிருந்தாள். ஏப்ரல் வெயில்.

"மேடம், அவ தொப்பி கொண்டாரலீங்க."

"பேசக் கூடாது."

குனிந்தார். எழுதினார். அடித்தார். மறுபடி நிமிர்ந்தார். அவள் செல்போனைக்கூடப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் போலிருக்கிறது, அவளுக்குத் தெரிந்த விதம் அது. இவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஒரு மணி நேரத் தாள். பாதி நேரத்துக்குமேல் பேனா நகரவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது. மணி அடிக்கிற நேரம் வரும் முன்பே அடித்துவிட்டேன்.

தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கணக்கு சரி. மூன்றாவதில் கேள்வியையே இரண்டு தடவை எழுதி வைத்திருந்தார். தாளைத் திருப்பி அவரிடமே கொடுத்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் முடிச்சு அவளைக் கூட்டிட்டுப் போகோணும்னே ஓடுச்சுங்க. கணக்கே தெரியலீங்க." ஜன்னலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இத்தன வருசமா இவளுக்கு இப்படித்தான் இருந்துச்சுங்களா?" என்றார்.

ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி மகள் கையில் கொடுத்தார். கோடைப் பரீட்சைக்கு வருவாரா மாட்டாரா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் ஏதோ ஒரு பக்கம் உடைந்துவிடும் போலிருந்தது.

பரீட்சை நாளன்று எனக்கு வேறு கட்டடத்தில் வேலை. வேலையில் மனம் நிற்கவில்லை. ஒரு சாக்குச் சொல்லி கேட் பக்கம் வந்தேன். பெஞ்சில் ஆளில்லை. ஸ்கூட்டர் இல்லை. அடுத்த சந்தில் நிறுத்தியிருப்பாரோ என்று அங்கேயும் எட்டிப் பார்த்தேன்; எனக்குச் சந்தேகப் புத்தி. அங்கேயும் இல்லை. டீக்கடைக்காரர் இந்தியில், "இன்னைக்கு சாஹேப் வரலையா? பரீட்சைதானே?" என்று விசாரித்தார். வரவில்லை என்றேன். "உடம்பு சரியில்லையோ?" என்று அவர் கவலைப்பட்டார்.

மணியடித்துப் பிள்ளைகள் கொட்டினார்கள். அவள் கடைசியாக வந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"எழுதினியா?"

"எழுதினேன் மேம். கடைசிக் கணக்கு பாதிதான். மிச்சம் எல்லாம் எழுதினேன்."

"அப்புறம் ஏன் இப்படி நிக்க?"

அவள் காலியான பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலைல ஸ்கூட்டர் சாவி எடுக்கவே இல்ல. பஸ்ஸுக்கு டைம் ஆச்சு, கெளம்புன்னு மட்டும் சொன்னாரு. இப்ப மீட்டிங்ல இருக்காரு போல, ஃபோன் எடுக்கல" என்றாள். கண் கலங்கியிருந்தது. விடுதலையாகிவிட்டவளின் முகமாக அது இல்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஒவ்வொரு கேள்வியையும் என்னிடம் ஒப்பித்தாள். நான் நின்றுகொண்டே கேட்டேன். அப்புறம் பஸ்ஸுக்குப் போனாள். வராதே என்று ஒருவரிடம் சொல்வதில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

ரிசல்ட் மழைக்காலத்தில் வந்தது. மதியம் என் அறைக்கு ஓடி வந்தாள். செல்போனைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். ரிசல்ட் வந்துவிட்டதாம், நம்பர் போட்டால் போதுமாம், போடவில்லையாம். "ஏன்?" என்றேன். அதற்குள் அவளுக்கு அழைப்பு வந்தது. அப்பா. அவர் சத்தமாகப் பேசுகிறவர், எனக்கும் கேட்டது.

"கண்ணு, ரிசல்ட் வந்துருச்சுன்னாங்க. நான் வரட்டுமா? வேண்டாம்னா வரல."

அவர் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வாங்கப்பா" என்றாள்.

வந்து சேர நேரமாயிற்று. அந்த மழையில் ஹிஞ்சேவாடியிலிருந்து வேறெப்படி. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. "நம்பரச் சொல்லுட்டி, நான் மட்டும் பாத்துக்கிடுதேன்" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன், அசையவில்லை. அவர் ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கதவருகே வந்து அங்கேயே நின்றுவிட்டார். "நீ பாத்துட்டுச் சொல்லு" என்று முகத்தை நடைபாதைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் எழுந்துபோய் அவர் ஈரக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, அவர் பார்க்க நம்பரைப் போட்டாள்.

பாஸ். தாராளமாகவே பாஸ். நான் என் வயதுக்குப் பொருந்தாத ஒரு சத்தம் போட்டேன். அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், இந்தத் தடவை நன்றாகச் சாய்ந்து. ரெயின்கோட் பொத்தானைக் கழற்றிக்கொண்டே மகளிடம் சொன்னார்:

"பாஸாகாட்டியும், நீ வான்னா நான் அடுத்த தடவ வந்து நின்னிருப்பேன் கண்ணு. எத்தன தடவன்னாலும்."

நான் இத்தனை மாதம் ஜன்னலுக்கெல்லாம் காகிதம் ஒட்டித் தேடியதை அவள் ரொம்ப சாதாரணமாக, அவர் தோளில் வழிந்த தண்ணீரைத் தன் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியும்ப்பா. அதுதான் எனக்குப் பயமே."